குரைக்கட்டும், கடிக்க வேண்டாம்

அன்று மாதத்தின் முதல் நாள். காலை ஏழு மணி.

பெரியம்மாவின் வீட்டு கேட்டுக்கு வெளியே சச்சிவாலய ஊழியர் நின்றார். அவர் பையில் பென்ஷன் பணம் இருந்தது. விரல் ரேகை எடுக்கும் கருவியும் இருந்தது. ஆனால் அவரால் உள்ளே போக முடியவில்லை.

வாசலில் வெள்ளையன் நின்றது. வெள்ளையன் ஒரு நாய். ராஜபாளையம் கலப்பு. நிமிர்ந்து நின்றால் பெரியம்மாவின் இடுப்பு உயரம் இருக்கும். சங்கிலியை இழுத்து இழுத்துக் குரைத்தது.

"அம்மா, நாயைப் பிடிங்க!" என்று ஊழியர் கத்தினார்.

பெரியம்மா ஓடிவந்து கேட்டைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சங்கிலியின் கொக்கி கழன்றது. வெள்ளையன் பாய்ந்தது. ஊழியர் பையை முன்னால் நீட்டினார். பை கிழிந்தது. கை தப்பியது.

அன்று நான் அங்கே இருந்தேன். எங்கள் ஊர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், பாகாலா பக்கம் இருக்கிறது. ஊரில் நான் மாலை வகுப்பு நடத்துகிறேன். பெரியம்மா என் வகுப்பில் படிப்பவர். வயது 65. கையெழுத்துப் போடக் கற்றுவிட்டார். இப்போது பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படிக்கிறார். அவருக்குப் புத்தகம் கொடுக்கத்தான் போயிருந்தேன்.

பெரியம்மாவின் வீடு ஊருக்கு வெளியே, மாந்தோப்புக்குள் இருக்கிறது. கணவர் இல்லை. மகன் பெங்களூருவில் வேலை செய்கிறார். "அம்மா தனியாக இருக்கிறாரே" என்று அவர்தான் வெள்ளையனைக் குட்டியாக வாங்கிவந்து விட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"மலையில கொண்டுபோய் விட்டுடுங்க."

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க. தானா அடங்கும்."

"நாலு அடி போட்டா சரியாப் போகும்."

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அவன் இல்லைன்னா ராத்திரி எனக்கு யாரு பாப்பா துணை? ஆனா நாளைக்கு யாரையாவது கடிச்சா அந்தப் பாவம் யாருக்கு?"

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. வீட்டுக்குக் காவலும் வேண்டும். வருகிறவர்களுக்குக் காயமும் படக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்குமா? நடக்கும். எப்படி என்பதுதான் இந்தப் பாடம்.

நாய் ஏன் பாய்கிறது?

மறுநாள் நானும் பெரியம்மாவும் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. இப்போது அது திருப்பதியில் உள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

டாக்டர் கேட்டார்: "நாய் ஏன் பாயுதுன்னு நினைக்கிறீங்க?"

"கோபம் சார்" என்றார் பெரியம்மா.

"கோபம் மாதிரி தெரியும். உள்ளே பார்த்தா பாதிக்கு மேல பயம். உங்க வீட்டுக்கு மாசத்துல எத்தனை புது ஆளுங்க வருவாங்க?"

"ரெண்டு பேர், மூணு பேர்."

"அப்போ புது ஆளுன்னா அவனுக்குப் பழக்கமே இல்லை. பயப்படத்தான் செய்வான்."

பிறகு தபால்காரர் கதையைச் சொன்னார். தபால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்தது, போனார். ஆனால் நாய் என்ன நினைக்கிறது? "நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்" என்று நினைக்கிறது. மறுநாளும் அப்படியே நடக்கிறது. நூறு நாள் நடந்தால் நாய்க்கு அது நூறு வெற்றி. நாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுவே ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. தவறான பாடம்!

சங்கிலியும் ஒரு காரணம். பயந்த மிருகம் முதலில் விலகிப் போகப் பார்க்கும். கட்டிப்போட்ட நாயால் விலக முடியாது. மிச்சம் இருக்கும் ஒரே வழி பாய்வதுதான். பகல் முழுக்கக் கட்டிக் கிடந்தால் ஓடியாட வேண்டிய பலமும் உள்ளேயே தங்கிவிடும்.

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இதைச் சொல்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் மிருகத்தை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம்.

பெரியம்மா தலை குனிந்தார். "தெரியாம செஞ்சுட்டேன் சார்."

"தெரிஞ்சுக்க வந்துட்டீங்களே, அது போதும்" என்றார் டாக்டர்.

ராஜபாளையம் நாய்

ராஜபாளையம் தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர். அந்த ஊரின் பெயரே நாய்க்கும் வந்தது. நிறம் பால் வெள்ளை. மூக்கு இளஞ்சிவப்பு. தோள் வரை உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர். முன்பு காட்டுப்பன்றி வேட்டைக்கும், வீட்டுக் காவலுக்கும் வளர்த்தார்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை இந்த நாயின் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

இந்த இனத்து நாய் வீட்டாரிடம் உயிராக இருக்கும். புது ஆளைச் சீக்கிரம் நம்பாது. அது அதன் பிறவிக் குணம். வெள்ளை நிறக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காமலும் இருக்கும். அதனால் வாய்ச்சொல்லோடு கைச்சாடையும் பழக்குவது நல்லது.

எந்த இனமானாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். குட்டியின் மனம் நன்றாகத் திறந்திருக்கும் காலம் பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 14-வது வாரம் வரை. அந்த நாள்களில் பல வகை மனிதர்களைக் குட்டி பார்க்க வேண்டும். குடை பிடித்தவர், தாடி வைத்தவர், கோல் ஊன்றியவர், தலையில் கூடை வைத்தவர், குழந்தைகள், சைக்கிள், டிராக்டர் எல்லாம் அதற்குப் பழக வேண்டும். பார்த்துப் பழகியதற்குப் பின்னாளில் பயப்படாது.

வெள்ளையனுக்கு அந்தக் காலம் தோப்புக்குள்ளேயே கழிந்துவிட்டது. இப்போது வயது மூன்று. "இனிமே முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"அறுபத்தஞ்சு வயசுல பெரியம்மா படிக்கலையா? மெதுவா வரும். ஆனா வரும்" என்றார் டாக்டர்.

பயிற்சிக்கு முன்

முதலில் நாயின் உடம்பைச் சோதிக்க வேண்டும். காதில் புண், பல்லில் வலி, காலில் முள் இருந்தால் எந்த நாயும் சீறும். வெள்ளையனுக்குக் காதில் சீழ் இருந்தது. மருந்து கொடுத்தார்கள்.

அடுத்து வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி. அதன் பிறகு ஆண்டுதோறும் ஊசி. அட்டையில் தேதி எழுதி வைக்க வேண்டும். இப்போது அந்த அட்டையைப் பெரியம்மாவே படிக்கிறார்.

பிறகு வேலியைச் சரி செய்தோம். கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டோம். கேட்டில் "நாய் ஜாக்கிரதை, கூப்பிட்டுவிட்டு நில்லுங்கள்" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதினோம். தமிழில் எழுதியது பெரியம்மா.

சங்கிலிக்குப் பதிலாக, வீட்டின் பின்பக்கம் கம்பிவலை போட்டு ஓர் அடைப்பு கட்டினோம். உள்ளே நிழல், தண்ணீர், நடக்க இடம் எல்லாம் இருந்தன. காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்து அரை மணி நேரம் நடக்க விட்டோம்.

ஐந்து படிகள்

முதல் படி: ஒரே சொல்

எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. பெரியம்மா "உக்காரு" என்பார். தோப்பு வேலை செய்யும் அண்ணன் "கூர்ச்சோ" என்பார். மகன் போனில் "சிட்" என்பார். நாய் என்ன செய்யும்? குழம்பும்.

அதனால் எல்லோரும் கூடிப் பேசினோம். மூன்று சொற்கள் போதும் என்று முடிவு செய்தோம். "சாக்கு" என்றால் சாக்கில் போய்ப் படுக்க வேண்டும். "போதும்" என்றால் குரைப்பதை நிறுத்த வேண்டும். "வா" என்றால் பெரியம்மாவிடம் வர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சாடை. யார் சொன்னாலும் இதே சொல், இதே சாடை.

இரண்டாம் படி: ஒரே இடம்

திண்ணையில் ஒரு கோணிச்சாக்கு விரித்தோம். வெள்ளையன் சாக்கில் கால் வைத்தால் ஒரு துண்டு கோழி ஈரல். உட்கார்ந்தால் இன்னொரு துண்டு. படுத்தால் மூன்று துண்டு. துண்டு வேர்க்கடலை அளவு இருந்தால் போதும். உப்பு, காரம், வெங்காயம் கூடாது. வேகவைத்தது மட்டும்.

புது ஆள் யாரும் இல்லாத நேரத்தில்தான் இதைப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். பத்து நாளில் "சாக்கு" என்றதும் வெள்ளையன் ஓடிப்போய்ப் படுத்தது.

மூன்றாம் படி: தூரத்து ஆள்

இதுதான் முக்கியமான படி. ரஷ்ய நாட்டில் பாவ்லவ் என்ற அறிஞர் இருந்தார். 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் ஒன்றைக் கண்டார். ஓர் ஓசை கேட்டதும் சாப்பாடு வரும் என்றால், சில நாளில் அந்த ஓசைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறுகிறது. ஒன்றின் பின்னால் இன்னொன்று வந்துகொண்டே இருந்தால் மனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது.

நாங்களும் அதைத்தான் செய்தோம். புது ஆள் தெரிந்தால் ஈரல் வரும். ஆள் மறைந்தால் ஈரலும் நின்றுவிடும்.

வெள்ளையனை இரட்டைக் கயிற்றில் பெரியம்மாவும் அண்ணனும் பிடித்தார்கள். நான் என் தோழியை அழைத்து வந்தேன். அவள் கேட்டுக்கு வெளியே வெகு தூரத்தில், சுமார் நூறு அடி தள்ளி நின்றாள். வெள்ளையன் பார்த்தது. குரைக்கவில்லை. உடனே ஒரு துண்டு. மறுபடி பார்த்தது. இன்னொரு துண்டு. அவள் மரத்துக்குப் பின்னால் போனாள். துண்டு நின்றது.

நாய் பார்க்க வேண்டும், ஆனால் பதறக் கூடாது. அதுதான் சரியான தூரம். காது விறைத்து, வாய் மூடி, உடம்பு கல் போல நின்றால் ஆள் கிட்டே வந்துவிட்டார் என்று பொருள். பின்னால் போகச் சொல்லுங்கள்.

சில நாளுக்கு ஒரு முறை ஐந்து அடி, பத்து அடி குறைத்தோம். ஒரு மாதத்தில் இருபது அடிக்கு வந்தோம்.

நான்காம் படி: வருகிறவருக்கும் பாடம்

வருகிறவர்களும் கற்க வேண்டும். நாயின் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. நேராக நடந்து வராமல் கொஞ்சம் பக்கவாட்டில் வர வேண்டும். குனிந்து தலையைத் தடவக் கூடாது. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கல்லை எடுக்கக் கூடாது. நாய் இல்லாதது போலவே இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வாசலில் ஒத்திகை

ஆள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார். வெள்ளையன் குரைக்கும். குரைக்கட்டும்; அது அதன் வேலை. பெரியம்மா வந்து "போதும்" என்பார். பிறகு "சாக்கு" என்பார். வெள்ளையன் சாக்கில் படுத்ததும் திண்ணைத் தூணில் கயிற்றைக் கட்டுவார். அதன் பிறகுதான் கேட் திறக்கும். ஆள் இருக்கும் வரை அவ்வப்போது ஒரு துண்டு கிடைக்கும்.

இந்தப் படியில் வெள்ளையனுக்கு வாய்க்கூடை மாட்டினோம். கூடை போன்றதாக இருந்தால் நாய் வாயைத் திறந்து மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்னலாம். வாயை இறுக்கிக் கட்டும் பட்டை வேண்டாம். வெயிலில் நாய்க்கு ஆபத்து. கூடையையும் முதலில் ஈரல் வைத்துத்தான் பழக்கினோம்.

செய்யக் கூடாதவை

அடிக்காதீர்கள். புது ஆள் வரும்போது அடி விழுந்தால், "புது ஆள் வந்தால் எனக்கு வலிக்கும்" என்றுதான் நாய் கற்கும். பயம் இரட்டிப்பாகும்.

உறுமினால் தண்டிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. "கிட்டே வராதே" என்று நாய் சொல்கிறது. உறுமலை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

பட்டினி போடாதீர்கள். மிளகாய் கொடுத்தால் நாய் வீரமாகும் என்பார்கள். வயிறுதான் கெடும். "பிடி, பிடி" என்று விளையாட்டுக்கும் ஏவாதீர்கள்.

பெரிய நாயையும் சிறு குழந்தையையும் தனியாக விடாதீர்கள். எவ்வளவு பழகிய நாயானாலும் வேண்டாம்.

எங்கள் வகுப்பில் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் ஓர் அக்காவிடம், "இது கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். பத்து நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. பயந்த மனத்தில் பாடம் ஏறாது. மனிதருக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான்.

சறுக்கலும் உண்டு

ஏப்ரல் மாதம் ஒரு நாள் மழை பெய்தது. ஒருவர் பிளாஸ்டிக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கேட் பக்கம் வந்தார். வெள்ளையன் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. அண்ணன் பிடித்துவிட்டார். பெரியம்மா அழுதுவிட்டார். "எல்லாம் வீணாப் போச்சே!"

டாக்டரிடம் கேட்டோம். "வீணாகலை. அந்த உருவம் அவனுக்குப் புதுசு. ரெண்டு படி பின்னால போங்க" என்றார். மறுபடி நூறு அடி தூரத்தில் தொடங்கினோம். இந்த முறை தோழி கோணி போர்த்தி நின்றாள். ஆறு நாளில் பழைய இடத்துக்கு வந்தோம்.

ஜூன் மாதம் தோத்தாபுரி வெட்டு தொடங்கியது. தோப்புக்கு முப்பது பேர் வந்தார்கள். லாரி வந்தது. அத்தனை கூட்டத்துக்கும் வெள்ளையன் தயாரா? இல்லை. அதனால் வெட்டு நடந்த நாள்களில் பகலில் பின்பக்க அடைப்பில் விட்டு, கேட்டைப் பூட்டினோம். எவ்வளவு பழக்கினாலும் நாயின் எல்லை நமக்குத் தெரிய வேண்டும். பூட்டுவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

கடித்துவிட்டால்

எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறலானாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் ஊசி முதல் நாளும், அதன் பிறகு 3, 7, 28-ம் நாள்களிலும் போடுவார்கள். ஒன்றையும் விடக் கூடாது. ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றியும் வேறு ஒரு மருந்து போட வேண்டும்.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885-ல் இந்தத் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காப்பாற்றினார். வெறிநோய் வந்த பிறகு பிழைப்பது அரிது. ஆனால் கடித்தவுடன் கழுவி, ஊசி எல்லாம் போட்டால் நோய் வராமல் தடுக்கலாம். உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வளர்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு. தன் நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் கவனிக்காவிட்டால், பாரதிய நியாய சம்ஹிதை 291-ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

மறுபடி ஒரு முதல் நாள்

ஜூலை 1. காலை ஏழு மணி. கேட்டுக்கு வெளியே அதே ஊழியர்.

"அம்மா!" என்று கூப்பிட்டுவிட்டு நின்றார்.

வெள்ளையன் நான்கு முறை குரைத்தது. பெரியம்மா வந்தார். "போதும். சாக்கு."

வெள்ளையன் சாக்கில் போய்ப் படுத்தது. பெரியம்மா கயிற்றைத் தூணில் கட்டினார். கேட்டைத் திறந்தார். ஊழியர் பக்கவாட்டில் நடந்து வந்து, திண்ணையின் அடுத்த முனையில் உட்கார்ந்தார். நாயைப் பார்க்கவில்லை. ஆனால் பையை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்!

விரல் ரேகை எடுத்தார். பணம் கொடுத்தார். பெரியம்மா எண்ணிப் பார்த்து வாங்கினார். வெள்ளையன் தலையைச் சாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டியது.

"காவல் நாயைச் சாது ஆக்கிட்டீங்களே அம்மா. இனி திருடன் வந்தா?" என்று ஊழியர் சிரித்தார்.

"போன வாரம் நடுராத்திரி காட்டுப்பன்றி வந்துச்சு. ஊரையே எழுப்பிட்டான். நான் விளக்கு போட்டுட்டு 'போதும்'னு சொன்ன பிறகுதான் நிறுத்தினான்" என்றார் பெரியம்மா.

எல்லோரையும் கடிக்கும் நாயால் வீட்டுக்குக் காவல் இல்லை, கவலைதான். குரைத்து எழுப்பிவிட்டு, நம் சொல்லுக்குக் காத்திருக்கும் நாய்தான் காவல் நாய்.

பயிற்சி

விடை சொல்லுங்கள்

1. தபால்காரர் போனதும் நாய் என்ன நினைத்துக்கொள்கிறது?
2. உறுமும் நாயை ஏன் அடிக்கக் கூடாது?
3. மழையில் வந்தவரைப் பார்த்து வெள்ளையன் ஏன் பாய்ந்தது?
4. நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? எத்தனை நிமிடம்?

சரியா, தவறா?

1. கட்டியே வைத்தால் நாய் சாதுவாகும்.
2. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.
3. வயது வந்த நாய்க்குப் பழக்க முடியாது.

எழுதுங்கள்

உங்கள் வீட்டு நாய்க்கு அல்லது பக்கத்து வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஊசி எப்போது?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் எந்த நாய்க்குப் பயந்து யார் எந்த வழியில் போவதில்லை? அந்த நாயை வளர்ப்பவரிடம் சண்டை இல்லாமல் இதை எப்படிச் சொல்லலாம்?